ஒரே சொல்லில் கூடிய வகுப்பறைகள்: மொழி கற்பித்தலில் சமூக புக்மார்க் – நிகழ்வு ஆய்வு

‘ரைட்டிங்மேட்ரிக்ஸ்’ என்ற சொல் எந்த ஆங்கில அகராதியிலும் கிடையாது. கிடையாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2007 வாக்கில் அர்ஜென்டினா, வெனிசுவேலா, ஸ்லோவேனியா நாடுகளில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள், தங்கள் வலைப்பதிவில் எதை எழுதினாலும் அந்த இடுகைக்கு இந்த ஒரு சொல்லைக் குறிச்சொல்லாக, அதாவது பிறகு தேடி எடுக்க உதவும் அடையாளச் சொல்லாக (tag), இட்டார்கள். அபுதாபியில் பணியாற்றிய மொழி ஆசிரியர் வான்ஸ் ஸ்டீவன்ஸும், ‘வெப்ஹெட்ஸ்’ என்ற இணைய ஆசிரியர் குழுவைச் சேர்ந்த சிலரும் சேர்ந்து நடத்திய திட்டம் இது. 2008இல் ‘டெஸ்ல்-இஜே’ ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்கள்.

மொழி வகுப்பில் எழுதும் கட்டுரைக்குப் பெரும்பாலும் ஆசிரியர் ஒருவர்தான் வாசகர். இந்தத் திட்டம் அதை மாற்றப் பார்த்தது. ஒவ்வொரு மாணவரும் அவரவர் வலைப்பதிவிலேயே எழுதினார். யாரும் யாருடைய முகவரியையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. குறிச்சொல்லைத் தேடினால் மற்ற நாட்டு மாணவர்களின் இடுகைகள் ஒரே பட்டியலில் வந்து நின்றன. ‘ரைட்டிங்’ என்று மட்டும் வைத்திருந்தால் உலகத்தில் எழுத்தைப் பற்றி எழுதிய எல்லோரும் அந்தப் பட்டியலில் கலந்திருப்பார்கள். முன்பு யாரும் பயன்படுத்தாத சொல் என்பதால் அதைத் தேடினால் வேறு யாரும் வரவில்லை.

பட்டியல் உருவானது இரண்டு வழிகளில். அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று தெரியும்.

முதல் வழி டெக்னோரட்டி. வலைப்பதிவுகளைத் திரட்டிய இந்தத் தேடுதளம் 2005 ஜனவரியில் குறிச்சொல் தேடலைக் கொண்டுவந்தது. இடுகையின் அடியில் ஒரு சிறப்புச் சுட்டியை ஒட்ட வேண்டியிருந்தது. அந்தச் சுட்டி முகவரியின் கடைசித் துண்டைத் தளம் குறிச்சொல்லாக எடுத்துக்கொண்டது. புதிய இடுகை வந்திருக்கிறது என்று வலைப்பதிவு டெக்னோரட்டிக்குத் தகவல் தட்டிவிட வேண்டியிருந்தது, தட்டாவிட்டால் பட்டியலில் ஏறாமல் போகக்கூடும். இங்கே குறிச்சொல் இடுபவர் எழுதியவரே.

இரண்டாவது வழி டெலிசியஸ். ஜோஷுவா ஷாக்டர் 2003இல் தொடங்கிய சமூக புக்மார்க் தளம் இது. 2005 டிசம்பரில் யாஹூ வாங்கியது. அன்று உலாவியில் சேமித்த புக்மார்க் பெரும்பாலும் உங்கள் கணினியோடு முடிந்துவிட்டது. டெலிசியஸில் சேமித்தால் முகவரி, தலைப்பு, ஒரு சிறு குறிப்பு, நீங்கள் இட்ட குறிச்சொற்கள் எல்லாம் பொதுவில் தெரிந்தன. அதே குறிச்சொல்லை வேறு யார் யார் எதற்கெல்லாம் இட்டிருக்கிறார்கள் என்று ஒரு சொடுக்கில் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் தனி ஓடையும் (feed, புதியவற்றைத் தானாக அனுப்பும் வரிசை) இருந்தது. ஓடைப் படிப்பானில் போட்டுவைத்தால் புதுச் சேமிப்புகள் தானாக வந்து சேர்ந்தன. இங்கே குறிச்சொல் இடுபவர் படித்தவர்.

எழுதியவர் இடும் குறியும் படித்தவர் இடும் குறியும் ஒன்றல்ல. மக்கள் தாங்களாக இடும் குறிச்சொற்களிலிருந்து எழும் வகைப்பாட்டுக்கு 2004இல் ‘ஃபோக்சானமி’ என்று பெயர் சூட்டிய தாமஸ் வாண்டர் வால், பின்னர் அதையும் இரண்டாகப் பிரித்தார்: ஒரே பொருளுக்குப் பலரும் அவரவர் சொல்லை இடும் டெலிசியஸ் வகை ‘அகன்றது’, பெரும்பாலும் பொருளுக்கு உரியவரே சொல் இடும், படப் பகிர்வுத் தளமான ஃபிளிக்கர் வகை ‘குறுகியது’.

மொழி வகுப்புக்கு முழு எடை உள்ளது இரண்டாவது வழிதான். தன் இடுகைக்குக் குறி இடும் மாணவர் புதிதாக எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பிறர் எழுதியதைச் சேமிக்கும் மாணவரோ முதலில் அதைப் படிக்க வேண்டும், அது எந்த வகை எழுத்து என்று முடிவு செய்ய வேண்டும், இரண்டு மூன்று பெயர்ச்சொற்களாகச் சுருக்க வேண்டும், பிறகு வகுப்பில் மற்றவர்களுக்குப் புரியும்படி இரண்டு வரி எழுத வேண்டும். படித்துப் புரிதல், சொல் தேர்வு, சுருக்கி எழுதுதல் மூன்றும் ஒரே சிறு படிவத்துக்குள் வந்துவிடுகின்றன. சுட்டிகளைச் சேர்த்து வைக்கும் பெட்டியாக மட்டும் இந்தக் கருவியைப் பார்க்கும் ஆசிரியர் இதைத் தவறவிடுகிறார்.

கூட்டத்தின் அறிவு வகுப்பறைக்கு ஏன் வராது

சமூக புக்மார்க்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு நம்பிக்கை கூடவே வரும்: மாணவர்களைச் சுதந்திரமாகக் குறி இட விட்டுவிடுங்கள், சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தானாக உருவாகும். இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு, ஆனால் அந்த ஆதாரம் வகுப்பறையைப் பற்றியதல்ல.

எச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த ஸ்காட் கோல்டரும் பெர்னார்டோ ஹியூபர்மனும் 2005இல் டெலிசியஸ் தரவை ஆராய்ந்தார்கள். ஒரு பக்கத்தை ஏறத்தாழ முதல் 100 பேர் சேமித்து முடிக்கும்போது, அதன் ஒவ்வொரு குறிச்சொல்லின் விகிதமும் நிலைபெற்றுவிடுகிறது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு ஆயிரம் பேர் சேமித்தாலும் விகிதம் பெரிதாக அசைவதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் இடுவதும், எல்லோருக்கும் பொதுவான அறிவு இருப்பதும் இதற்குக் காரணமாக அவர்கள் சொன்னவை.

இப்போது வகுப்பின் கணக்கைப் போடுவோம். 20 மாணவர்கள், வாரத்துக்கு ஆளுக்கு 2 சேமிப்புகள், 10 வாரங்கள்: மொத்தம் 400. அந்த 400உம் பெரும்பாலும் வேறு வேறு பக்கங்கள். ஒரே பக்கத்தை மூன்று பேர் சேமித்தால் அதுவே அதிகம். வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தைச் சேமித்தாலும் 20தான். 100 பேர் கூடும் இடத்தில் பிறக்கும் ஒழுங்கை 3 பேர் கூடும் இடத்தில் எதிர்பார்க்க முடியாது. பொது அறிவு என்ற இரண்டாவது காரணமும் மொழி வகுப்பில் நொண்டும், ஏனென்றால் அந்த மொழியின் சொற்களைத்தான் அவர்கள் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ரைட்டிங்மேட்ரிக்ஸ் நடந்ததற்குக் காரணமும் இங்கே தெரிகிறது. கூட்டத்தை நம்பாமல், ஆசிரியர்கள் முன்கூட்டியே ஒரு சொல்லில் உடன்பட்டார்கள். வகுப்பில் குறிச்சொல் முளைக்காது. பேசி முடிவு செய்தாக வேண்டும். பேசி முடிவு செய்யும் அந்த அரைமணி நேரம்தான் மொழிப் பாடம்.

தமிழ் வகுப்புக்கு ஒரு குறிச்சொல் பட்டியல்

ரொறன்ரோ, லண்டன், சிட்னி வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் சிங்கப்பூர், மலேசிய வகுப்புகளிலும் தமிழ் கற்பிப்பவர்களுக்கு இந்த முறை நேரடியாகப் பயன்படும். வீட்டில் கொஞ்சம் பேச்சுத்தமிழ் கேட்டு, பள்ளியில் எழுத்துத்தமிழ் படித்து, இரண்டுக்கும் நடுவில் தடுமாறும் 13 முதல் 17 வயது மாணவர்களுக்கு மிகவும் பொருந்தும். கீழே உள்ளது 15 கட்டாயச் சொற்கள் கொண்ட பட்டியல். 15க்கு மேல் போனால் மாணவர்கள் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள்.

வகுப்புக் குறி 1. ரைட்டிங்மேட்ரிக்ஸ் போல முன்பு இல்லாத சொல், கூடவே ஆண்டு எண்: ‘நிலாக்கூடை26’ என்பது போல. தேர்ந்தெடுத்ததும் தேடுபொறியிலும் கருவிக்குள்ளும் தேடிப் பாருங்கள். ஒன்றுகூட வரக்கூடாது. ‘தமிழ்’ என்ற குறிச்சொல்லுக்குத் தடை போடுங்கள். எல்லாப் பக்கமும் தமிழ்ப் பக்கமாக இருக்கும்போது அது எதையும் பிரித்துக் காட்டாது.

எழுத்து வகை 8: செய்தி, கதை, பாட்டு, சமையல், விளம்பரம், அறிவிப்பு, நேர்காணல், விளக்கம். ஒரு பக்கத்துக்கு ஒன்று மட்டும்.

நடை 3: பேச்சு, எழுத்து, கலப்பு. பட்டியலில் மிகுந்த பயன் தருவது இந்த மூன்றும்தான். செய்தி அறிக்கைக்கு ‘எழுத்து’ என்றும், சமையல் காணொளிக்குப் ‘பேச்சு’ என்றும் எளிதாக இட்டுவிடுவார்கள். நேர்காணல் வந்ததும் திணறல் தொடங்கும். கேள்வி கேட்பவர் ‘எப்போது தொடங்கினீர்கள்’ என்கிறார். பதில் சொல்பவர் ‘அப்ப எனக்கு இருபது வயசு’ என்கிறார். சிறுகதையில் கதைசொல்லி ‘போகிறார்கள்’ என்று எழுத, பாத்திரம் ‘போறாங்க’ என்று பேசுகிறது. ‘கலப்பு’ இடுவதற்கு முன் எந்த வரி எந்த நடை என்று மாணவர் காட்ட வேண்டும். இலக்கணப் புத்தகம் ஒரு அத்தியாயத்தில் சொல்லும் இரட்டை வழக்கை, மாணவர் தானாகத் தேடிப் பிடிக்கும் இடம் இது. யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை ‘கதைக்கிறது’ என்று கேட்டுப் பழகியிருக்கும், மதுரைக் குடும்பத்துப் பிள்ளை ‘பேசுறது’ என்று. இரண்டும் பேச்சே என்று வகுப்பு ஒத்துக்கொள்வதற்கு ஒரு காணொளியை இரண்டு முறை போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். அந்த நேரம் வீணல்ல.

கடினம் 3: கடினம்1, கடினம்2, கடினம்3. இது மாணவரின் சொந்த மதிப்பீடு. ஒரே பக்கத்துக்கு ஒருவர் 1 என்றும் இன்னொருவர் 3 என்றும் இட்டிருந்தால் திருத்த வேண்டாம். அடுத்த வாரம் யாருக்கு எதைப் படிக்கக் கொடுக்கலாம் என்று ஆசிரியருக்குச் சொல்லும் தரவு அது.

இவற்றோடு மாணவர் தன் விருப்பப்படி 2 சொற்கள் சேர்க்கலாம், பொருளைப் பற்றி. இரண்டுக்கு மேல் அனுமதித்தால் பக்கத்தில் கண்ணில் பட்ட சொற்களையெல்லாம் அள்ளிப் போடுவார்கள்.

குறிப்புக்கு இரண்டு வாக்கியம். முதலாவது, பக்கம் என்ன சொல்கிறது. இரண்டாவது, அதிலிருந்து எடுத்த ஒரு சொல் அல்லது தொடர். உதாரணமாக, ஒரு புளியோதரைக் காணொளிக்கு: நிலாக்கூடை26, சமையல், பேச்சு, கடினம்2, புளி, கோயில். குறிப்பு: “புளிக்காய்ச்சல் எப்படிச் செய்வது என்று காட்டுகிறார். ‘நல்லா சுண்டணும்’ என்கிறார், சுண்டுவது என்றால் தண்ணீர் வற்றிக் கெட்டியாவது.” தொடக்கநிலை மாணவருக்கு ஒரு வாக்கியமும் மூன்று சொற்களும் போதும்.

சொல்லை எழுதும் விதி

ஆங்கிலக் குறிச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, ஒருமை, பன்மை இவைதான் தொல்லை. தமிழில் தொல்லை வேறு இடங்களில் இருக்கிறது. முதல் வகுப்பிலேயே நான்கு விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டால் பிறகு பாதி வேலை மிச்சம்.

எப்போதும் பெயர்ச்சொல், எழுவாய் வடிவில், ஒருமையில். ‘கோயிலில்’, ‘கோயில்கள்’, ‘கோயிலுக்கு’ எதுவும் வேண்டாம், ‘கோயில்’ மட்டும். ‘கோவில்’ என்று எழுதிப் பழகியவர் இருப்பார். இரண்டும் சரியே, வகுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டு சொற்களைச் சேர்க்காதீர்கள். ‘பேச்சுத்தமிழ்’, ‘பேச்சுதமிழ்’, ‘பேச்சு_தமிழ்’ மூன்றும் கருவிக்கு மூன்று சொற்கள். வல்லினம் மிகுமா மிகாதா என்று பெரியவர்களே தயங்கும் இடத்தில் பதின்மூன்று வயது மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தனித்தனிச் சொற்களாக இட்டுவிட்டால் புணர்ச்சிச் சிக்கலே வராது. தவிர்க்கவே முடியாவிட்டால் அடிக்கோட்டால் இணைத்து, மிகும் எழுத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். இது குறிச்சொல்லுக்கு மட்டும் என்றும் சொல்லிவிடுங்கள். இடைவெளி கருவிக்குக் கருவி வேறுபடும். தொடக்ககால டெலிசியஸில் இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் தொடங்கிவிட்டது, பின்போர்டு என்ற புக்மார்க் தளத்தில் இன்றும் அப்படியே. டீகோ என்ற இன்னொரு தளத்தில் இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் தொடர் ஒன்றாக நிற்கும்.

ஔகாரத்தை ஒரே விசையில் தட்டுங்கள். ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்று, எகரக் கொம்பும் ளகரமுமாகத் தட்டுவது மிகப் பரவலான பிழை. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ‘ஔவை’க்கும் ‘ஒளவை’க்கும் இதே கதை. எந்தக் கருவியும் இதைத் தானாகத் திருத்தாது, ஏனென்றால் யூனிகோடு கணக்கில் அவை உண்மையிலேயே வெவ்வேறு எழுத்துகள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், முன்கொம்பு ஒன்றும் பின்கால் ஒன்றுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். யூனிகோடு இவ்விரண்டையும் சமம் என்கிறது. கருவி அவற்றைச் சமப்படுத்தாவிட்டால் ஒரே ‘கோயில்’ பட்டியலில் இரண்டு முறை வரும். இன்றைய விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒற்றைக் குறியையே தருகின்றன; வேறு மென்பொருளிலிருந்தும் பழைய எழுத்துரு மாற்றிகளிலிருந்தும் வெட்டி ஒட்டும்போதுதான் சிக்கல். அதனால் நான்காவது விதி: குறிச்சொல்லை ஒட்டாதே, தட்டு.

பழைய தளங்களைச் சேமிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அமைந்த பக்கத்தின் தலைப்பு, சேமிப்பில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழும். மாணவர் தலைப்பைக் கையால் தமிழில் தட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் பயிற்சி தேவைப்படும் மாணவருக்கு இந்த வேலையை ஒதுக்கலாம்.

பத்து வாரம்

முதல் வாரம் கருவி இல்லை. ஆசிரியர் அச்சடித்த 6 பக்கங்களைக் கொடுக்கிறார். மாணவர்கள் இருவர் இருவராகக் காகிதத்திலேயே குறிச்சொல் எழுதுகிறார்கள். ஒரே பக்கத்துக்கு எத்தனை விதமான சொற்கள் வந்தன என்று பலகையில் எழுதினால் விதிகள் ஏன் தேவை என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. இரண்டாம் வாரம் கணக்கு, முதல் சேமிப்பு. கருவி பிறர் இட்ட சொற்களைப் பரிந்துரைத்தால் அதை அணைத்து வையுங்கள், அல்லது தன் சொற்களைக் காகிதத்தில் எழுதிய பிறகே படிவத்தைத் திறக்கச் சொல்லுங்கள். பரிந்துரையைப் பார்த்துவிட்டால் மாணவர் யோசிப்பதில்லை, சொடுக்குகிறார்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆளுக்கு 2. வாரம் 40 குறிப்புகள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் ஆசிரியருக்கு ஒரு மணி நேர வேலை. அதற்கு மேல் ஒதுக்க முடியாத ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைக்கட்டும், குறிப்பைப் படிக்காமல் விட வேண்டாம். தன் குறிப்பை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்த வாரமே மாணவர் பக்கத்தின் முதல் வாக்கியத்தை வெட்டி ஒட்டத் தொடங்குவார்.

ஐந்தாம் வாரமும் எட்டாம் வாரமும் சொல் சீரமைப்பு. விருப்பச் சொற்களை மட்டும் பட்டியலாக இறக்கி, அகர வரிசையில் அடுக்கி, அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ‘உணவு, உணவுகள், சாப்பாடு, சமையல், சோறு, ஃபுட்’ என்று ஆறும் அதில் இருக்கும். எவை ஒன்று, எவை வேறு என்று குழுக்கள் வாதாடுகின்றன. ‘உணவுகள்’ உணவில் சேரும், பன்மை என்பதால். ‘ஃபுட்’டும் அப்படியே. ‘சாப்பாடு’ உணவுதானா? நடை வேறு, பொருள் ஒன்று என்று ஒரு குழு சொல்லும். ‘கல்யாணச் சாப்பாடு’ என்பதைக் ‘கல்யாண உணவு’ என்று யாரும் சொல்வதில்லையே என்று இன்னொரு குழு கேட்கும். சமையல் ஒரு செயல். சோறு உணவில் ஒரு பகுதி. ஆனால் ‘சோறு போட்ட ஊர்’ என்னும்போது முழு உணவுமே அதுதான். பெருஞ்சொல், சிறுசொல், ஒருபொருட்பன்மொழி, ஆகுபெயர் எல்லாம் பெயர் சொல்லாமலே மேசைக்கு வந்துவிடுகின்றன. முடிவை ஒரு மாணவர் கருவியில் செயல்படுத்துகிறார். பெரும்பாலான கருவிகளில் ஒரு குறிச்சொல்லின் பெயரை ஏற்கெனவே உள்ள இன்னொன்றின் பெயராக மாற்றினால் இரண்டும் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழி இல்லை. எனவே மாற்றும் முன் ஒரு ஏற்றுமதி.

கடைசி இரண்டு வாரங்களில் சேமிப்புக் கிடங்கே பாடநூலாகிறது. ‘நேர்காணல்’, ‘கலப்பு’, ‘கடினம்2’ மூன்றையும் சேர்த்துத் தேடினால் வருகிற பக்கங்களிலிருந்து ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்து, வேறொரு மாணவர் எழுதிய குறிப்பு சரியா என்று சோதித்து, திருத்தி எழுதுகிறார்.

மதிப்பெண்ணை எண்ணிக்கைக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்தால் கடைசி நாள் இரவில் இருபது சுட்டிகள் வரிசையாக வந்து விழும். ஒரு நாளில் ஒருவருக்கு ஒரு சேமிப்புதான் கணக்கில் வரும் என்று சொல்லிவிட்டால் இது நின்றுவிடும்.

பிழைகள் எங்கே வருகின்றன

முகவரியில் வரும் பிழைகளே அதிகம். கட்டுரையைச் சேமிப்பதாக நினைத்துத் தளத்தின் முகப்பைச் சேமிப்பார்கள். மறுநாள் அங்கே வேறு செய்தி இருக்கும். தேடல் முடிவுப் பக்கத்தைச் சேமிப்பவரும் உண்டு. முகநூலிலிருந்தோ வாட்ஸப்பிலிருந்தோ எடுத்த முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் கண்காணிப்பு வால் ஒன்று தொங்கும். அந்த வாலால் ஒரே பக்கம் இரண்டு பக்கங்களாகப் பதிவாகும். ஆனால் எல்லா வாலையும் வெட்டிவிடக் கூடாது, யூடியூபின் நீண்ட முகவரியில் காணொளியின் அடையாளமே கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெட்டியபின் ஒருமுறை திறந்து பார்க்கப் பழக்குங்கள்.

தமிழ் விக்கிப்பீடியா போல முகவரியிலேயே தமிழ் உள்ள தளங்களில், நகலெடுக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் விழுக்காட்டுக் குறியோடு 9 எழுத்துகளாக விரியும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல் மட்டும் 45 எழுத்துகள். மின்னஞ்சலில் அது இரண்டு வரியாக உடைந்து சுட்டி செத்துவிடும். புக்மார்க் பொத்தான் மூலமே சேமித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

பல கருவிகள் பக்கத்தின் அறிமுக வரிகளைக் குறிப்புப் பெட்டியில் தாமாகவே நிரப்பிவிடும். மாணவர் அதை அழிக்காமல் சேமித்தால் யார் எழுதியது என்று தெரியாது. மாணவரின் வரியைத் தன் பெயரின் முதல் எழுத்தோடு தொடங்கச் சொல்வது எளிய தீர்வு.

தனியுரிமையைக் கடைசியில் சொல்வதால் சிறியது என்று கொள்ள வேண்டாம். ஒரு பிள்ளை என்ன படிக்கிறது, எதைப் பார்க்கிறது என்பதன் பட்டியல் இது. டீகோ 2008இல் கொண்டுவந்த ஆசிரியர் கணக்கு இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. மாணவர்களின் மின்னஞ்சல் இல்லாமலே ஆசிரியர் கணக்குகளை உருவாக்கலாம், அவர்கள் தானாக ஒரு வகுப்புக் குழுவில் சேர்ந்துவிடுவார்கள், வெளியார் அவர்களைத் தொடர்புகொள்ள முடியாது. எந்தக் கருவியானாலும் புனைபெயர், மூடிய குழு, பெற்றோர் சம்மதம் மூன்றும் இல்லாமல் தொடங்கக்கூடாது. வகுப்புக் கணக்கில் சேமிப்பவை மட்டும் பகிரப்பட வேண்டும். மாணவரின் சொந்தக் கணக்கை இணைக்கவே வேண்டாம்.

கருவி மூடப்படும் நாள்

ரைட்டிங்மேட்ரிக்ஸ் என்று இன்று டெக்னோரட்டியில் தேட முடியாது. வலைப்பதிவுகளைத் திரட்டுவதை அந்தத் தளம் 2014இல் நிறுத்திவிட்டது. டெலிசியஸின் கதை இன்னும் நீளம். 2008 முடிவில் 53 லட்சம் பயனர்கள், 18 கோடித் தனிச் சுட்டிகள் என்ற அளவுக்கு வளர்ந்திருந்தது. 2010 டிசம்பரில், யாஹூவின் உள்கூட்டப் படவில்லை ஒன்று வெளியே கசிந்தது; மூடவிருக்கும் சேவைகளின் வரிசையில் டெலிசியஸின் பெயர் இருந்தது. பிறகு விற்கப்போவதாக அறிவித்து, 2011 ஏப்ரலில் யூடியூபைத் தொடங்கிய சாட் ஹர்லி, ஸ்டீவ் சென் இருவரின் நிறுவனத்துக்கு விற்றார்கள். தரவைப் புதிய நிறுவனத்துக்கு மாற்ற ஒவ்வொரு பயனரும் சம்மதம் தர வேண்டியிருந்தது. அந்தச் செப்டம்பரில் வந்த புதிய வடிவத்தில், சாய்கோடு உள்ள குறிச்சொற்களைத் தேடக்கூட முடியவில்லை. நுணுக்கமான குறிச்சொல் முறையைக் கட்டி வைத்திருந்த ரசிகர் புனைவுக் குழுக்கள் அதனால் பின்போர்டுக்கு இடம்பெயர்ந்தன. 2017 ஜூனில் அந்தப் பின்போர்டே டெலிசியஸை 35,000 டாலருக்கு வாங்கிப் படிக்க மட்டும் என்று பூட்டியது.

இது ஒரு தளத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை. ஆய்வாளர்களுக்கான கனோட்டியா 2013இலும் சைட்யூலைக் 2019இலும் நின்றன. கூகுள் புக்மார்க் 2021இல். பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட் 2025 ஜூலையில். தமிழ் வலைப்பதிவர்களுக்குத் தமிழ்மணமும் தமிழிஷும் இருந்த காலம் நினைவிருக்கும். அவை திரட்டியும் வாக்களிப்புத் தளமும்தான் என்றாலும், எல்லோருடைய எழுத்தையும் ஓரிடத்தில் கூட்டிய தளம் ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தளம் உயிரோடு இருந்தாலும் சுட்டி காட்டும் பக்கம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குப் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்கிட்டது. பாடத்துக்கு முக்கியமான பக்கத்தைச் சேமித்த அன்றே இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

ஆக, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்காமல் பத்து நிமிடச் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். ‘கோயில்’ என்ற குறிச்சொல்லைக் கைபேசியில் ஒருமுறை, கணினியில் ஒருமுறை தட்டி இரண்டு பக்கங்களைச் சேமியுங்கள்; குறிச்சொல்லைச் சொடுக்கினால் இரண்டும் வருகின்றனவா? பலர் ஒரே கிடங்கில் சேமித்தால் யார் சேமித்தது என்று தெரிகிறதா? ஏற்றுமதிக் கோப்பில் குறிச்சொல்லும் குறிப்பும் இருக்கின்றனவா? டீகோ, ரெயின்டிராப் போன்றவற்றை இந்தச் சோதனையால் ஒப்பிடலாம். சொந்த வழங்கி நடத்தத் தெரிந்தவர் உடன் இருந்தால் லிங்க்டிங், ஷார்லி போன்ற கட்டற்ற மென்பொருள்களும் உண்டு. பத்து பேருக்குக் குறைவான வகுப்புக்குப் பகிர்ந்த விரிதாள் ஒன்றே போதும்: முகவரி, தலைப்பு, குறிச்சொல், குறிப்பு, பெயர் என்று ஐந்து பத்திகள். கைபேசியின் பகிர் பொத்தானிலிருந்து ஒரே தட்டில் சேமிக்கும் வசதி மட்டும் அதில் இல்லை. மாணவர்கள் கைபேசியிலேயே படிப்பவர்களாக இருந்தால் அந்த ஒரு வசதிக்காகவே புக்மார்க் கருவிக்குப் போகலாம்.

ஏற்றுமதி மாதம் ஒருமுறை, இரண்டு வடிவங்களில். ஒன்று, உலாவிகள் எல்லாம் படிக்கும் எச்டிஎம்எல் புக்மார்க் கோப்பு. மற்றது, விரிதாளில் திறக்கும் சிஎஸ்வி. ஒன்று மட்டும் போதாததற்குக் காரணம் உண்டு: எச்டிஎம்எல் கோப்பில் குறிச்சொற்கள் பத்திரமாக எழுதப்பட்டிருந்தாலும், அதைக் குரோமுக்குள் இறக்கினால் சுட்டிகள் வரும், குறிச்சொற்கள் வராது, ஏனென்றால் குரோம் புக்மார்க்கில் குறிச்சொல் என்ற இடமே இல்லை. சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் குலைந்து தெரியலாம். தரவு இறக்குமதி வழியாகச் சென்று யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். திறந்ததும் மூன்றாம் வாரத்தில் சேமித்த ஏதாவது ஒரு வரியைத் தேடி, குறிப்பும் ஆறு குறிச்சொற்களும் முழுமையாக இருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட்டு, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்த்து, ஆசிரியரிடம் ஒரு பிரதியும் பள்ளியிடம் ஒரு பிரதியுமாக வைக்கலாம்.